எஃபெக்டர் புரதம்: ‘ஏவுபுரதம்’ என்று சொல்லலாமே

அன்புள்ள ஐயா, வணக்கம்.

எஃபெக்டர் (effector) என்ற உயிரியல் சொல்லுக்குத் தமிழில் ‘விளைவிப்பி’ போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதவில்லை. மருந்தும் விளைவிப்பிதான், நொதியும் விளைவிப்பிதான். நாம் பெயர் தேடுவதோ, நோய்க்கிருமி தன்னிடம் உருவாக்கி, தான் தொற்றும் ஓம்புயிரின் செல்லுக்குள் செலுத்தும் புரதத்துக்கு.

கட்டமைப்பு உயிரியலாளர் எரெக் ஸ்டெபின்ஸின் ஆய்வுகளைத் தமிழில் எழுதும்போதுதான் இந்தச் சிக்கலில் மாட்டினேன். நுண்ணுயிரியலாளர் ஜார்ஜ் காலானுடன் சேர்ந்து, சால்மொனெல்லா என்ற குடல்நோய்ப் பாக்டீரியா செலுத்தும் எஸ்பிடிபி (SptP) என்ற எஃபெக்டர் புரதத்தின் வடிவத்தை எக்ஸ் கதிர்ப் படிகவியலால் கண்டவர் அவர். 2001இல் வெளிவந்த அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காது. எஸ்ஐசிபி (SicP) என்ற துணைப்புரதத்தின்மேல் எஸ்பிடிபியின் ஒரு பகுதி மடியாத நூலாகச் சுற்றி ஓடுகிறது. மடியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு: கிருமி புரதத்தைச் செலுத்தும் ஊசி போன்ற குழாயின் துளை 3 நானோமீட்டர்கூட இல்லை; மடிந்து திரண்ட புரதம் அதில் நுழையாது.

எஃபெக்டரை ‘நச்சுப்புரதம்’ என்று அழைக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். சால்மொனெல்லா செலுத்தும் சோப்-ஈ புரதம், செல்லின் ராக்1 என்ற நிலைமாற்றிப் புரதத்தை (சுவிட்சு போல இயங்குவது) முடுக்கிவிடுகிறது. செல்சவ்வு அலையலையாகப் புடைத்துக் கிருமியை உள்ளே வாங்கிக்கொள்கிறது. பிறகு எஸ்பிடிபி அதே ராக்1ஐ அணைக்கிறது, குலைந்த செல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அணைக்கும் விதம் இன்னும் வியப்பு: நம் செல்களில் இதே வேலையைச் செய்யும் புரதங்களோடு அதற்கு உருவ ஒற்றுமை கிடையாது. ஆனாலும் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் ஒன்றை அவற்றைப் போலவே விரலாக நீட்டி வேலையை முடிக்கிறது. குலைத்ததைச் சீர்செய்யும் புரதத்தை நஞ்சு என்று எப்படி அழைப்பது?

ஆகவே ‘ஏவுபுரதம்’. ஏவுகணை போல வினைத்தொகை, நாவில் தடையின்றி வருகிறது. ஏவல் என்பதில் அனுப்புவதும் உண்டு, அனுப்பியவர் சொன்னதைச் செய்வதும் உண்டு. எஃபெக்டருக்கு இந்த இரண்டும் வேண்டும். பில்லி சூனியத்தோடு சேர்த்துச் சொல்லும் ஏவல் நினைவுக்கு வருமே என்று நண்பர் ஒருவர் தயங்கினார். வரட்டும். கண்ணில் படாமல் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து வேலை பார்ப்பது என்ற பொருளை அந்த நினைவு கெடுக்கவில்லை, ஊன்றித்தான் வைக்கிறது.

நோயெதிர்ப்பியலில் வரும் எஃபெக்டர் செல்லுக்கு (எதிர்ப்பு வேலையை நேரடியாகச் செய்யும் நம் செல்) இது ஒட்டாது. அங்கே உங்கள் ‘விளைவிப்பி’யே இருக்கட்டும்.

இன்னொன்று. துணைப்புரதம் என்று மேலே எழுதியது சாப்பரோனை, அதாவது மற்றப் புரதங்கள் சரியாக மடியத் துணைநிற்கும் புரதத்தை. ‘மடிப்புத்துணை’ என்று வைக்க நினைத்தேன், ஆனால் எஸ்ஐசிபி செய்வது மடியவிடாமல் பிடித்திருப்பது. இரண்டுக்கும் பொருந்தும் சொல் தோன்றினால் எழுதுங்கள் ஐயா.