வேலை, குழந்தைகள், நடுவில் நாவல்: கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் எப்படித்தான் எழுதினார்கள்?

விடியல்வாசகி:
டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ முடித்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் அதிலிருந்து மீள முடியவில்லை. அப்புறம்தான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். முதல் நாவல் 1970-இல் வந்தபோது அவருக்கு 39 வயது, கணவரைப் பிரிந்தவர், இரண்டு மகன்கள், ராண்டம் ஹவுஸில் எடிட்டர் வேலை. விடிவதற்கு முன்னால் எழுந்து, காபி போட்டுக் குடித்துக்கொண்டே வெளிச்சம் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவாராம். நானும் வேலைக்கும் குழந்தைக்கும் இடையில் இரண்டு வருடமாக ஒரு நாவலைக் கட்டிக்கொண்டு அழுகிறேன், அதனால் நிஜமாகவே கேட்கிறேன். இவர் மட்டும்தான் இப்படியா, மற்ற கறுப்பினப் பெண் எழுத்தாளர்களும் இப்படித்தானா? நேரத்துக்கும் காசுக்கும் என்ன செய்தார்கள்?

மேசைவிளக்கு:
கட்டாயம் பூச்சி எமெச்செட்டாவைப் படியுங்கள். நைஜீரியாவில் பிறந்து, கணவர் படிக்கப் போன லண்டனுக்குப் பின்னாலேயே போனவர். 22 வயதில் அந்தக் கணவரை விட்டு வெளியே வந்தபோது ஐந்து பிள்ளைகளின் பொறுப்பும் அவர் தலையில். வெளியே வரக் காரணங்களில் ஒன்று, அவர் எழுதி முடித்த முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கணவர் எரித்துவிட்டது. ஒரே பிரதி. அதே கதையை மறுபடி முதலிலிருந்து எழுதி, ‘தி பிரைட் பிரைஸ்’ என்று 1976-இல் வெளியிட்டார். இடையில் வேறு இரண்டு புத்தகங்கள் வேறு. 1974-இல் வந்த ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ நாவலைத் தன் பிள்ளைகளுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார், ஐந்து பேரையும் பெயர் சொல்லி, உங்கள் இனிமையான சத்தம் பின்னணியில் இல்லாமல் இந்தப் புத்தகம் எழுதப்பட்டிருக்காது என்று. வீட்டில் சத்தம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று நான் எத்தனை நாளைத் தள்ளிப் போட்டிருக்கிறேன் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

அறிவியல் புனைகதை பிடிக்குமென்றால் ஆக்டேவியா பட்லர். அம்மா வீட்டுவேலை செய்தவர். பட்லர் பாத்திரம் கழுவியிருக்கிறார், உருளைக்கிழங்கு சிப்ஸ் தரம் பார்த்திருக்கிறார், இரவு இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு அந்த வேலைகளுக்குப் போயிருக்கிறார். அவருடைய நோட்டுப் புத்தகங்கள் கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1988-இல் ஒரு நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் தனக்குத் தானே உத்தரவு போடுவதுபோல எழுதி வைத்திருக்கிறார்: என் புத்தகங்கள் அதிகம் விற்கும் பட்டியலில் வரும், நல்ல இடத்தில் வீடு வாங்குவேன், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளை எழுத்துப் பயிற்சிக்கு அனுப்புவேன். அவர் 2006-இல் இறந்துவிட்டார். நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் அவர் புத்தகம் வந்தது 2020-இல்.

நேர்கோடு:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் விடியற்காலை அலாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இது ஏதோ மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் மாதிரி ஆகிவிடுகிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அவ்வளவு சீக்கிரம் ஏன் எழ வேண்டியிருந்தது என்று கேளுங்கள். 2020 ஜூனில் எழுத்தாளர்கள் தங்களுக்குக் கிடைத்த முன்பணத்தை வெளிப்படையாகச் சொன்னார்களே, அதில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் என். கே. ஜெமிசின் தன் ‘புரோக்கன் எர்த்’ மூன்று நாவல்களுக்குத் தலா 25,000 டாலர் என்று சொன்னார். அந்த மூன்றும்தான் 2016, 2017, 2018 என்று வரிசையாக ஹியூகோ விருது, அதாவது அறிவியல் புனைகதைக்கான பெரிய விருது, வாங்கியவை. மாரிசனுக்கே ‘பிலவ்ட்’ வந்த பிறகும் தேசியப் புத்தக விருது தரவில்லை, 1988 ஜனவரியில் 48 கறுப்பின எழுத்தாளர்கள் கையெழுத்துப் போட்டு நியூயார்க் டைம்ஸில் அறிக்கை விட வேண்டியிருந்தது. புலிட்சர் அதற்கப்புறம்தான் வந்தது.

பழையபிரதி:
நேர்கோடு சொல்வதோடு ஒத்துப்போகிறேன். இன்னொன்றையும் சேர்க்கிறேன்: எழுதி முடித்த பிறகும் அது பிழைத்திருக்க வேண்டுமே. சோரா நீல் ஹர்ஸ்டன் 1931-லேயே ‘பாராகூன்’ எழுதிவிட்டார். அமெரிக்காவுக்குக் கடைசியாக அடிமைகளை ஏற்றிவந்த கப்பலில் வந்த ஒரு முதியவரிடம் நேரில் உட்கார்ந்து கேட்டு எழுதியது. அவர் பேசிய பேச்சுமொழியை மாற்றி எழுதித் தரச் சொன்னது பதிப்பகம், இவர் மறுத்துவிட்டார். புத்தகம் வந்தது 2018-இல். நாவல்கள் எல்லாம் அச்சில் இல்லாமல் போய், 1950-இல் மயாமியில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தார். 1960-இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் இறந்தபோது அடக்கம் செய்யத் தெரிந்தவர்கள் காசு சேர்த்தார்கள், கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. அப்புறம் வீட்டைக் காலி செய்தவர்கள் அவருடைய காகிதங்களைப் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, அவரைத் தெரிந்த ஒரு போலீஸ்காரர் அந்த வழியாக வந்து தீயை அணைத்திருக்கிறார். ஓரம் கருகிய அந்தத் தாள்கள் இன்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் ஃபோர்ட் பியர்ஸுக்குப் போய், ஹர்ஸ்டனின் உறவுப் பெண் என்று பொய் சொல்லி விசாரித்து, இடுப்பளவு புதரில் இறங்கித் தேடி, இதுதான் என்று தோன்றிய இடத்தில் கல் நட்டார். கல்லில் பிறந்த ஆண்டு 1901 என்று இருக்கும். உண்மையில் 1891. வயதைக் குறைத்துச் சொல்லியே ஹர்ஸ்டன் பள்ளியில் சேர்ந்திருந்தார், அது வாக்கருக்கு அப்போது தெரியாது.

விடியல்வாசகி:
கருகிய தாள் என்றதும் எமெச்செட்டாவின் பிரதிதான் நினைவுக்கு வந்தது, கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நேர்கோடு, நீங்கள் சொன்னது உறைத்தது, நான் நேரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் பதிப்பகம் ஏற்காதபோது இவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது?

நேர்கோடு:
ஒருவர் உள்ளே போய் மற்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். மாரிசன் எடிட்டராக இருந்தபோதுதான் டோனி கேட் பம்பாரா, கேல் ஜோன்ஸ் புத்தகங்கள் அங்கே வந்தன. வெளியே நின்று தாங்களே பதிப்பகம் தொடங்கியவர்களும் உண்டு. பார்பரா ஸ்மித், ஆட்ரி லார்ட் முதலானவர்கள் 1980-இல் தொடங்கியதற்கு ‘கிச்சன் டேபிள்’, அதாவது சமையலறை மேசை, என்று பெயர். பெண்கள் வேலை செய்வதும் பேசிக்கொள்வதும் சமையலறையில்தான் என்பதால் அந்தப் பெயர். லார்டின் கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள், கவிதையைப் பணிநேரங்களுக்கு நடுவில், ரயிலில், மிஞ்சிய தாள்களில் எழுதிவிடலாம், உரைநடைக்குத்தான் ஓர் அறையும் நிறையத் தாளும் நேரமும் வேண்டும் என்று ஒன்றில் எழுதியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் இடம் அது.