மொரிஷியஸ் தமிழ் வகுப்பில் வல்லூறும் வௌவாலும்

மொரிஷியஸில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் அவர்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. தமிழ் எழுத்துகளை வரிசையாக ஒப்பித்துவிடுவார்கள். ஒரு வாக்கியத்தை நீட்டினால் தயங்குவார்கள். சிங்கமும் கரடியும் அவர்களை இழுக்கவில்லை. அதனால் நம் தீவின் பிராணிகளை வைத்தே சின்னச் சின்னக் கதைகள் எழுத ஆரம்பித்தேன்.

முதலில் மொரிஷியஸ் வல்லூறு. காடு அழிந்தது, மலேரியாக் கொசுவுக்கு டிடிடி பூச்சிமருந்து அடித்தார்கள், வெளியிலிருந்து வந்த குரங்கும் கீரியும் கூடுகளைச் சூறையாடின. 1974-ல் காட்டில் இருந்ததாகத் தெரிந்தவை நான்கே. "நான்கு பறவைகள் மட்டும். அப்புறம்?" என்ற இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். அடுத்த பக்கம் பிள்ளைகள் கையில். பறவைகளைக் காக்க வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் வைக்கிறார், தாய்ப்பறவை மறுபடி முட்டையிடுகிறது. ஒரு பையன் விரல் வைத்து 'பொ-ரி-த்-த-து' என்று எழுத்துக்கூட்டும்போது வகுப்பே எட்டிப் பார்க்கும். இன்று அந்தப் பறவைகள் சில நூறு இருக்கின்றன என்று வாசித்ததும் கைதட்டல்தான்.

அடுத்து, குரங்குக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். "குரங்கே, முட்டையைத் தின்னாதே" என்று பலரும் எழுதினார்கள். இலக்கணமாக நடத்தியபோது ஏறாத 'தின்னாதே, போகாதே' அன்று தானாக வந்தது. ஒரு சிறுமி மட்டும் கீழே சேர்த்திருந்தாள்: "பசித்தால் சீனக் கொய்யா தின்னு." நம் காட்டை அடைத்துக்கொண்டு வளரும் மரம் அது. அந்த வரியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்.

வௌவால் கதைக்குத்தான் யோசித்தேன். வௌவால் லிச்சிப் பழத்தைத் தின்றுவிடுவதால், அந்த மரம் இருக்கும் வீடுகளில் அதன் பேச்சே கோபத்தைக் கிளப்பும். 2015-ல் அரசாங்கமே வௌவால்களை ஆயிரக்கணக்கில் சுட்டுக்கொல்ல வைத்தது. ஆனால் நம் காட்டு மரங்களின் விதைகளைச் சுமந்து பரப்புவது இந்தப் பழந்தின்னி வௌவால்தான். அதைப் பிள்ளைகளிடம் மறைக்க எனக்கு மனமில்லை. தவிர, ஔவையாரைத் தாண்டி ஔகாரத்தைப் பழக்க இதைவிட நல்ல சொல் எது? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "தாத்தா மரத்துக்கு வலை போட்டார். எங்களுக்கும் லிச்சி கிடைத்தது" என்று ஒருவன் எழுதினான். சுடத்தான் வேண்டும் என்று எழுதியவனையும் நான் திருத்தவில்லை, எழுத்துப்பிழையைத் தவிர.

நீங்களும் பிள்ளைகளுக்கு இப்படி எழுதினால், கதை எட்டு வரியைத் தாண்ட வேண்டாம், பிராணிகளின் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அடுத்து ரோஜா நிறப் புறாவைப் பற்றி எழுதுகிறேன். ரகரமும் றகரமும் அந்தப் பெயரிலேயே இருக்கின்றன.