நீரடி ஒலியியல் ஆய்வுக்கு எந்த மேற்படிப்பு பொருந்தும்?

ஈசூன் மாணவி:
வணக்கம். மின்பொறியியல் இறுதியாண்டில் படிக்கிறேன். சிங்கப்பூரின் தற்காப்பு ஆய்வு நிறுவனமான டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடத்தில் சோனார் (ஒலியைக் கொண்டு நீருக்கடியில் உள்ளவற்றைக் கண்டறியும் முறை) ஆய்வாளராக வேண்டும் என்பது என் விருப்பம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் மான்டரேயிலுள்ள அமெரிக்கக் கடற்படை முதுநிலைக் கல்லூரியும் இணைந்து நடத்தும் தற்காப்புத் தொழில்நுட்ப முதுநிலைப் படிப்பா, இங்கேயே முனைவர் பட்டமா, அமெரிக்காவில் முனைவர் பட்டமா என்று முடிவெடுக்க முடியவில்லை. அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
தங்கைக்கு வணக்கம். அந்த முதுநிலைப் படிப்பு மிக நல்லது. ஆனால் உணர்கருவி, தகவல் தொடர்பு, ஆயுதம் அனைத்தும் ஒரே கட்டமைப்பாக எப்படி இயங்குகின்றன என்பதையே அது முதன்மையாகக் கற்பிக்கிறது. ஒரே சிக்கலில் ஆழ்ந்து ஆய்வு செய்ய விரும்புவோருக்கு முனைவர் பட்டமே பொருந்தும். அதையும் சிங்கப்பூரிலேயே செய்யலாம் என்பேன். நம்மைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில், ஏறத்தாழ 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், சொடுக்கு இறால்கள் இடுக்கியைச் சொடுக்கும் ஓசையே பெரும்பாலும் மேலோங்கி நிற்கிறது. திடீர் திடீரென வெடிக்கும் இந்த இரைச்சல் இயல்நிலைப் பரவலுக்கு (மதிப்புகள் சராசரியைச் சுற்றியே குவிந்து, மிகப் பெரியவை மிக அரிதாகவே வரும் மணிவடிவப் பரவல்) அடங்காததால், அந்தப் பரவலை நம்பி வடிவமைத்த கண்டறி முறைகள் இங்கே தடுமாறுகின்றன. தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வுக்கூடம் இந்தச் சிக்கலில் நெடுங்காலமாக உழைத்துவருகிறது. பல்கலைக்கழகத் தரவரிசையை விட, கடலில் கருவியை இறக்கித் தரவு சேகரிக்க வாய்ப்புத் தரும் பேராசிரியர் யார் என்று தேடுங்கள்.

பாசிர் ரிஸ் வாசகர்:
ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் வெளிநாட்டு ஆய்வுச் சூழல் தரும் விரிந்த பார்வையை எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவுக்குச் செல்வதானால் ஒன்றை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபெறுங்கள்: அந்நாட்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளால், தற்காப்புத் தொடர்பான சில திட்டங்களில் வெளிநாட்டு மாணவர்கள் சேர இயலாது. வெளிப்படையாகப் பதிப்பிக்கப்படும் அடிப்படை ஆய்வுக்கு அந்தத் தடை பொதுவாக இல்லை. உபகாரச் சம்பளம் பெற்றால், படிப்புக்குப் பின் எத்தனை ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள்.

ஈசூன் மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. பேராசிரியரைச் சந்திக்கும் முன் எதைப் படித்துவைக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
நிகழ்தகவுச் செயல்முறைகளையும் மதிப்பீட்டுக் கோட்பாட்டையும் உறுதியாகக் கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் உள்ள சமன்பாடுகளை நீங்களே வருவித்துப் பாருங்கள். எங்கே சிக்கிக்கொள்கிறீர்களோ, அதையே அவரிடம் கேளுங்கள்.