ஆறு வரிகளைத் திருத்தினேன், 412 வரிகள் மாறியதாகக் காட்டுகிறது: புதிய ஆவண எழுத்தாளரின் சந்தேகம்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. கட்டற்ற மென்பொருள்களுக்குப் பயனர் வழிகாட்டி எழுதும் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். நான் பயன்படுத்தும் ஒரு சிறிய பைத்தான் கருவியின் நிறுவல் பக்கத்தில் உள்ளபடி உபுண்டு 24.04 லினக்ஸில் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) கட்டளையை இட்டால், பிழைச் செய்தி தோன்றி நிறுவல் நின்றுவிடுகிறது. மெய்நிகர் சூழல் (தொகுப்புகளை இயங்குதளத்திலிருந்து பிரித்துத் தனியே வைக்கும் இடம்) ஒன்றை முதலில் உருவாக்கிக்கொண்டால் சிக்கல் தீர்கிறது என்று கண்டறிந்து, அதை விளக்கும் ஆறு வரிகளை எழுதினேன்.

வீட்டிலுள்ள விண்டோஸ் மடிக்கணினியில், பக்கத்தின் உரை முழுவதையும் விஎஸ் கோட் என்னும் உரைத்திருத்தியில் ஒரு புதிய கோப்பில் ஒட்டித் திருத்தி, கருவியின் கோப்புகள் உள்ள கிட்ஹப் தளத்தில் பதிவேற்றிப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்குமாறு கேட்கும் கோரிக்கை) அனுப்பினேன். 412 வரிகளும் மாறியிருப்பதாகக் காட்டுவதால் சரிபார்க்க இயலவில்லை என்று பராமரிப்பாளர் எழுதியிருக்கிறார். நான் எங்கே தவறினேன்?

மறுமொழி 1

உங்கள் எழுத்தில் தவறில்லை. வரி முடிவுக் குறியில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சிஆர், எல்எஃப் என்னும் இரண்டு குறிகளை இடும். லினக்ஸ் எல்எஃப் ஒன்றை மட்டுமே இடும். விண்டோஸில் தொடங்கிய புதிய கோப்பில் ஒட்டியதால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடுதல் குறி எல்லா வரிகளிலும் சேர்ந்திருக்கும். புல் ரிக்வெஸ்டில் மாற்றங்களைக் காட்டும் பக்கத்தில், வெற்றிட வேறுபாடுகளை மறைக்கும் தெரிவை இயக்கிப் பாருங்கள். ஆறு வரிகள் மட்டும் எஞ்சினால் காரணம் இதுவே.

விஎஸ் கோடில் அக்கோப்பைத் திறந்து, கீழ்ப்பட்டையின் வலப்புறம் 'சிஆர்எல்எஃப்' என்றிருப்பதைச் சொடுக்கி 'எல்எஃப்' என மாற்றிச் சேமித்து, அதே கிளையில் (உங்கள் மாற்றங்கள் உள்ள தனி வரிசையில்) மீண்டும் பதிவேற்றுங்கள். புதிய புல் ரிக்வெஸ்ட் தேவையில்லை. பழையதே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. உள்ளடக்கம் பற்றியும் சிலவற்றைச் சேர்க்கிறேன். அந்தப் பிழை கருவியின் கோளாறன்று. இயங்குதளத்தின் பைத்தான் தொகுப்புகளைப் பிப் குலைத்துவிடாமல் காப்பதற்காக, உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில், 2023இல் வெளியான 12ஆம் பதிப்பு முதல் நடைமுறையில் உள்ள தடை அது. அத்தடையை மீறும் தெரிவு ஒன்றும் உண்டு என்றாலும், புதியவர்கள் படிக்கும் வழிகாட்டியில் அதை எழுத வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். மேலும், உபுண்டுவில் மெய்நிகர் சூழலுக்குரிய தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டியிருக்கலாம். உங்கள் ஆறு வரிகளில் அது இருக்கிறதா? புதிதாக நிறுவிய கணினி ஒன்றில் முதல் படியிலிருந்து செய்து பார்த்தால்தான் இத்தகைய விடுபடல்கள் தெரியவரும்.

கிட் (கிட்ஹப்பின் அடிப்படையான, கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) கடினமாக இருந்தால், லிப்ரேஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளின் வழிகாட்டிகளையும் பாருங்கள். அங்கே அத்தியாயங்கள் ஓடிடி எனும் ஆவண வடிவக் கோப்புகளாகவே இருப்பதால், திருத்தங்களைப் பதிவு செய்யும் வசதியை இயக்கிக்கொண்டு, லிப்ரேஆபிஸின் எழுதும் செயலியான ரைட்டரிலேயே பணியாற்றலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. வரி முடிவை மாற்றியதும் ஆறு வரிகள் மட்டுமே தெரிகின்றன. என் கணினியில் அந்தத் தொகுப்பு முன்பே இருந்ததால் அதை எழுதாமல் விட்டிருந்தேன். நண்பரின் புதிய கணினியில் சோதித்தபோது அங்கேயே நின்றுவிட்டது. ஏழாவது வரியாக அதைச் சேர்த்து, உபுண்டு பதிப்பையும் பிழைச் செய்தியையும் விளக்கத்தில் குறிப்பிட்டு அனுப்பியிருக்கிறேன்.