ரேடான்: வாயுவா, வளியா, காற்றா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,
வள்ளியூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் வீடுவீடாக ரேடான் (கண்ணுக்குத் தெரியாத கதிரியக்க வாயு) அளக்கப்போகிறார்கள். கிண்ணத்துக்குள் சிறு படலம். மூன்று மாதம் வீட்டுக்குள் தொங்கவேண்டும். வெள்ளிக்கிழமை துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது. நேற்று ஒரு பாட்டியிடம் "ரேடான் வாயு" என்றேன். "எனக்கு வாயுத் தொல்லை கிடையாது டீச்சர்" என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு சொல் வேண்டும்.
– வள்ளியூர் ஆசிரியை

அம்மா,
வாயு வடசொல். 'வளி' இருக்க வேறெதற்கு? ரகரம் மொழிக்கு முதலில் வராது. 'இரேடான்' என்பதே முறை. அதனினும் நல்ல வழி உண்டு. ரேடானுக்குப் பெயர் தந்த ரேடியத்தின் வேரான லத்தீன் 'ரேடியஸ்' ஆரக்காலையும் குறிக்கும், கதிரையும் குறிக்கும். நம் வண்டித் தச்சர்கள் சொல்லும் ஆரமும் அதுவே. ஆர்தல் என்றால் நிறைதல். மூடிய அறைக்குள் நிறைவதற்கு 'ஆரவளி' எவ்வளவு பொருத்தம்!
– பாளையங்கோட்டை

ஐயா,
குறள் 941-ல் "வளிமுதலா எண்ணிய மூன்று" என்று வருகிறதே, அங்கே வளி வாதம்தானே? பாட்டி அதையும் திருப்பிக் கொடுப்பார். ஆரம் என்றால் மாணவர்களுக்குக் கழுத்து நகை, இல்லையேல் வட்டத்தின் ஆரம். 'கதிர்' சேர்த்தாலோ, ராதாபுரம் வட்டாரத்தில் எல்லோரும் கூடங்குளத்தைத்தான் நினைப்பார்கள். இது அணு உலையிலிருந்து வருவதன்று. பாறையிலுள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து, ரேடியமாகி, அதிலிருந்து பிறப்பது. பிறப்பிடம் பெயரிலேயே தெரியட்டும்: நிலக்காற்று.
– தென்காசி

அண்ணாச்சி,
நிலக்காற்று இரவில் கரையிலிருந்து கடலுக்கு வீசுவது, பாடநூலில் இருக்கிறது. மண்காற்று என்றால், ஆடியில் எங்கள் கண்ணில் மண்ணை அள்ளிப் போடுகிறதே, அதுதான். 'பாறைக்காற்று' எனலாம். கிண்ணத்திலுள்ளது 'தடப்படலம்'. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தபின், ரேடான் சிதையும்போது வெளிவிடும் ஆல்பா துகள் பட்ட இடமெல்லாம் நுண்ணோக்கியில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அந்தத் தடங்களை எண்ணித்தான் கணக்கு.
– பணகுடி

வீசுவதுதான் காற்று. இது வீசாது, தரைக் கீறல் வழியே கசிந்து வந்து தேங்குகிறது. காற்றைப்போல் ஏழு மடங்குக்கும் மேல் கனம். காற்று என்று எழுதினால் பிழையைக் கற்பிக்கிறோம்.
– பாளையங்கோட்டை

ஐயா, அம்மா, அனைவருக்கும் நன்றி. ஐவர் காற்று என்றீர்கள், இருவர் வளி. "ரேடான் – பாறையிலிருந்து கசியும் காற்று" என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தடப்படலத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். உலக சுகாதார நிறுவனம் வீடுகளுக்குப் பரிந்துரை அளவாகச் சொல்லும் 100 பெக்கரலை (கதிரியக்க அலகு, ஒரு கன மீட்டருக்கு) 'ரேடான் மட்டம்' என்று எழுதியிருந்தேன், 'ரேடான் அளவு' என்று மாற்றினேன். மட்டம் கிணற்று நீருக்கு. பாட்டி வீட்டுக்கு நாளை மறுபடியும் போகிறேன்.
– வள்ளியூர் ஆசிரியை

போய் வாருங்கள் அம்மா. அடுத்த பதிப்பிலாவது முன்னால் ஓர் இகரம் சேருங்கள். 'வளி'யை நான் விடுவதாக இல்லை.
– பாளையங்கோட்டை