திருச்சி மத்திய சிறையில் தம்பி: மனு போட்டு நேரில் சந்திப்பது, விடுப்பு, உள்ளே கற்கும் தொழில் பற்றி விவரம் தேவை

கேள்வி – ஒரத்தநாடு பகுதியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். அமர்வு நீதிமன்றம் என் தம்பிக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது அவன் திருச்சி மத்திய சிறையில் இருக்கிறான். அவன் செய்தது தவறு என்பதை வீட்டில் யாரும் மறுக்கவில்லை. ஆனால் அம்மா சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, அவனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மனு போட்டுப் பார்ப்பதற்கு என்ன செய்ய வேண்டும், தை மாதம் நடக்கவிருக்கும் தங்கையின் திருமணத்துக்கு அவன் வர முடியுமா, இந்த ஆண்டுகள் வீணாகாமல் உள்ளே ஏதாவது கற்றுக்கொள்ள வழி உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1 – கும்பகோணம்

அன்புச் சகோதரிக்கு, என் கணவரைப் பார்க்க நான்கு ஆண்டுகள் அதே சிறைக்குப் போய்வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சிறை புதுக்கோட்டைச் சாலையில் இருக்கிறது. திருச்சியில் விமான நிலையம் செல்லும் பேருந்தில் ஏறி இறங்கிக்கொள்ளலாம். கைதி எண், தந்தை பெயர், உங்கள் ஆதார் அட்டையின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். முதல் முறை நான் அசல் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், பார்க்காமலேயே திரும்ப வேண்டியதாயிற்று. தண்டனைக் கைதிகளுக்கும் விசாரணைக் கைதிகளுக்கும் மனு போட்டுப் பார்க்கும் நாட்கள் வேறுபடும் என்பதால், கிளம்புவதற்கு முன் சிறை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. அம்மா ஆசையாகச் செய்துகொண்டு வரும் பலகாரத்தையும் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வாசலில் வைத்துத் தெரிந்துகொண்டால் மனம் உடைந்துபோவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிடைக்கும் சில நிமிடங்களை அழுகையிலும் வழக்கிலும் செலவழித்துவிடாதீர்கள். தொடக்கத்தில் நான் அப்படித்தான் செய்தேன், அவர் ஒவ்வொரு முறையும் தலைகுனிந்தபடியே திரும்பிப் போனார். ஒரு ஆனி மாதம், மேட்டூர் திறந்து நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட்டாயிற்று என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்து, எந்த வயலில், என்ன நெல் என்று கேட்டார். அதன்பின் ஒவ்வொரு முறையும் வீட்டுச் செய்திகளை மனதில் அடுக்கிக்கொண்டே போவேன். போக முடியாத நாட்களுக்குக் கடிதம் எழுதுங்கள். உள்ளிருந்து தொலைபேசியில் பேசும் வசதியும் உண்டு, அதற்கு உங்கள் எண்ணைத் தம்பி பதிவு செய்ய வேண்டும்.

பதில் 2 – தஞ்சாவூர், வழக்கறிஞர்

முதலில் மேல்முறையீட்டைக் கவனியுங்கள். அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல 60 நாட்கள்தான் காலம், அதில் மூன்று வாரம் போய்விட்டது. தஞ்சாவூர் மாவட்ட வழக்கு என்றால் மதுரைக் கிளையில் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் கடன் வாங்க வேண்டாம்; 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவராயினும் வருமானத்தைப் பொருட்படுத்தாமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பவும் சட்டம் இடமளிக்கிறது.

திருமணம் குறித்து: மக்கள் பரோல் என்று சொல்வது, இங்கே 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின்படி வழங்கப்படும் விடுப்பு. சாதாரண விடுப்புக்கு மூன்றாண்டுகள் சிறையில் கழித்திருக்க வேண்டும் என்பதால் அது இப்போது கிடைக்காது. ஆனால் உடன்பிறந்தவரின் திருமணம், பெற்றோரின் மரணம் அல்லது கடும் நோய் போன்றவற்றுக்கு அவசரகால விடுப்பு கேட்கலாம். அழைப்பிதழ் அச்சானதும் மண்டபப் பதிவு ரசீதையும் இணைத்து விண்ணப்பியுங்கள். நன்னடத்தை அலுவலரும் காவல் நிலையத்தாரும் ஊரில் விசாரித்து அறிக்கை தர நாட்கள் ஆகும், ஆகவே கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். வழிக்காவலுடன், அதாவது கூடவே காவலர்களோடு அனுப்பினால் அம்மா அதிர்ச்சியடையாதபடி முன்பே பேசி வையுங்கள்.

பதில் 3 – விடுதலையானவர், நன்னிலம் பக்கம்

நானும் அங்கே தண்டனை அனுபவித்தவன். உங்கள் தம்பிக்கு இப்போது கடினமான நேரம் பகல் அல்ல. மாலையில் கைதிகள் தங்கும் தொகுதியைப் பூட்டிய பிறகு வரும் நீண்ட இரவுதான். பகலில் உடலுக்கு வேலை இருந்தால் அந்த இரவு சற்றுச் சுருங்கும். அதனால் வேலை கேட்டு அவராகவே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அங்கே தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, தையல் போன்ற தொழிற்கூடங்கள் இருக்கின்றன, பரந்த நிலத்தில் காய்கறியும் பொங்கலுக்குக் கரும்பும் விளைகின்றன. புது ஆற்றுப் (கல்லணைக் கால்வாய்) பாசனத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மண்வெட்டி பிடிக்கக் கிடைத்தால் அதுவே பெரிய ஆறுதல். செய்யும் வேலைக்குக் கூலி உண்டு; அதில் பராமரிப்புக்கென ஒரு பங்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கென ஒரு பங்கும் போக மீதம் அவர் கணக்கில் சேரும். கைதிகளுக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் சொன்ன தீர்ப்பே, பாதிக்கப்பட்டவருக்கும் அதில் ஒரு பங்கு சேர வேண்டும் என்று சொன்னது. என் உழைப்பில் ஒரு பகுதி அந்தக் குடும்பங்களுக்கும் போகிறது என்ற எண்ணம் எனக்கு வேண்டியிருந்தது.

படிப்பை இடையில் விட்டவர் என்றால் பத்தாம் வகுப்புத் தேர்வை உள்ளிருந்தே எழுதலாம், நான் அப்படித்தான் எழுதினேன். வெளியே வந்தபின் என் கையில் இருந்தவை அந்தச் சான்றிதழும் தையல் தொழிலும்தான். ஊரில் வேலை கொடுக்கப் பலர் தயங்கினார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் சட்டை ஒன்றைத் தைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நாளைக் காலை சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகிறேன். தம்பி ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், அதனால் தேர்வு பற்றி அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கும்போது பேசுகிறேன். பலகாரம் கொண்டுபோக முடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், வீட்டுப் பசு கன்று போட்டிருப்பதைத் தாமே அவனிடம் சொல்வதாகச் சொன்னார்.