எல்பிஜி நிரப்பும் நிலையத்துக்குத் தராசு, பம்பு தேர்வு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். முறையான உரிமத்துடன் சிறிய அளவில் எல்பிஜி சிலிண்டர் நிரப்பும் நிலையம் ஒன்றை அமைக்கும் பணியில் இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வெப்பம் கூடும்போது திரவ எரிவாயு வெகுவாக விரிவடைவதால், சிலிண்டரின் கொள்ளளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாமல் மீதி இடத்தை ஆவிக்கு விட வேண்டும் என்பதையும், அந்த அளவை அழுத்தமானி காட்டாது, வெற்றுச் சிலிண்டரின் எடையைக் கழித்தே அறிய வேண்டும் என்பதையும் அறிவேன். ஆகவே, குறித்த எடையை எட்டியதும் தானாகவே நிரப்புதலை நிறுத்தும் தராசு வாங்க எண்ணுகிறேன். வெடிப்பு அபாயமுள்ள இடங்களுக்கெனச் சான்று பெற்ற மின்னணுத் தராசு சிறந்ததா, காற்றழுத்தத்தால் இயங்கும் தராசு சிறந்ததா? தீப்பொறிக்கு வாய்ப்பு குறைவு என்பதால் எனக்குப் பின்னதன் மீதே நாட்டம். ஆனால் அதன் துல்லியம் நாள்பட நிலைக்குமா என்பதைப் பயன்படுத்தியவர்களே சொல்ல முடியும்.

தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயிலேயே திரவம் ஆவியாகிப் பம்பு பழுதாவதைத் தவிர்க்க, தொட்டியை எவ்வளவு உயரத்தில் அமைத்திருக்கிறீர்கள்? நிரப்பிய பின் வால்வுக் கசிவைச் சோதிக்கச் சோப்புக் கரைசல் போதுமா, சிலிண்டரை நீர்த்தொட்டியில் அமிழ்த்திப் பார்ப்பது அவசியமா?

ஒரு சிலிண்டரைத் தலைகீழாக நிறுத்தி மற்றொன்றில் இறக்கும் முறையைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். அப்போது கசிந்தால், காற்றைவிடக் கனமான இந்த வாயு தரையோடு பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டிவிடும்.